அச்சமும் ஆற்றலும்

(கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற நம் சங்க மாணவர் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

கல்வியின் சிறப்பைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கச் செயலாளர் முதற்கண் எம்மைப் பணித்தனர். கல்வியின் சிறப்பு இம்மேடையில் ஆண்டுதோறும் பேசப்பட்டே வருகின்றது. அதனை இன்னும் ஒருகாற் பேசுதலால் யாருக்கும் கேடில்லை. ஆயினும் இவ்வாண்டு பரிசில் பெறுவோருட் பலர் ஓட்டத்திலும் தாண்டலிலும் எறிதலிலும் சதுரங்கத்திலும் வென்றோர் என்று கேள்வியுற்றோம். அவர்க்குப் பயன்படுவதொன்றைக் கூறுதலே தகும் எனத் துணிந்து, 'அச்சமும் ஆற்றலும்' என்பதனைப் பொருளாகக் கொண்டோம். அச்சமாவது ஆற்றலைக் கெடுப்பதன்றோ, அவ்விரண்டினையும் ஒருங்கு வைத்துப் பேசுதல் எங்ஙனம் பொருந்தும் என்று ஐயுறுவீர். அவ்வையத்தை நீக்குதற்பொருட்டே இவ்வுரை எழுந்தது.

நாம் கூடியிருக்கும் இந்நிலம் வீரத்திற்குப் பெயர் பெற்றது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவலூர் இன்று திருக்கோவிலூர் என்னும் பெயரோடு இக்கள்ளக்குறிச்சி மாவட்டத்தினுள்ளேயே அமைந்துள்ளது. கபிலர் பெயரால் வழங்கும் குன்று ஆங்குப் பெண்ணையாற்றினிடையே இன்றும் நிற்கின்றது. மேற்றிசையிற் கல்வராயன் மலை அரண்போல் எழுந்து கோமுகி ஆற்றினை நமக்கு அளிக்கின்றது. 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இது தனி மாவட்டம் ஆயிற்று. இத்தகைய நிலத்திற் பிறந்த பிள்ளைகட்கு நாம் நாள்தோறும் கூறும் அறிவுரை யாது? 'அஞ்சாதே' என்னும் ஒரு சொல்லே. ஓட்டக்களத்தின் தொடக்கக் கோட்டில் நின்று கால் நடுங்கும் பிள்ளையைப் 'பயந்தாங்கொள்ளி' என்று எள்ளுவாரும் நம்முள் உளர். 'இவனுக்கு இது வாராது' என்று கையைப் பற்றி வீட்டிற்கு அழைத்துச் செல்லும் தந்தையரும் உளர். நடுங்கிய பிள்ளையை வலியற்ற பிள்ளை என்று இவ்விரு திறத்தாரும் துணிந்துவிடுகின்றனர். அத்துணிவு பிழையுடைத்து என்பதும், அந்நடுக்கமே ஆற்றலின் தொடக்கமாதலும் உண்டு என்பதும் இன்று யாம் நிறுவ விழையும் கருத்துக்களாகும்.

இதற்கு யாம் முதற்கண் துணைக்கொள்ளும் நூல் தொல்காப்பியம். அதன் பொருளதிகாரத்துள் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் உளது. உள்ளத்தில் நிகழ்ந்த உணர்ச்சி உடம்பின்வழியாகப் பிறர்க்குப் புலப்படுதலே மெய்ப்பாடு எனப்படும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. மாணவர்காள்! இவ்வரிசையினை ஒருமுறை உற்று நோக்குமின். அச்சத்தை அடுத்து நிற்பது யாது? பெருமிதம்! வீரத்தின் விளைவாகிய பெருமிதத்திற்கு நிலைக்களன் நான்கு என்று கூறும் ஆசிரியர், கல்வி, புகழ், கொடை என்பனவற்றோடு தறுகண் என்னும் அஞ்சாமையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். ஆசிரியர் கருத்து யாதாயினும் ஆகுக. அச்சத்திற்கும் பெருமிதத்திற்கும் இடையே ஒரே ஓரடித் தொலைவுதான் உண்டு என்று இவ்வரிசையிலிருந்து யாம் கற்றுக்கொள்கின்றோம். அஞ்சத்தக்கது எதிரே இல்லாதவிடத்து அஞ்சாமைக்கு வேலை ஏது? இருளே இல்லாத ஊரில் விளக்கிற்கு மதிப்பு ஏது?

அச்சம் மெய்யின்கண் படுதல் எவ்வாறு என்பதை இக்கால உடல்நூலார் நன்கு விளக்கியுள்ளனர். அமெரிக்க நாட்டு ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து உடலியல் ஆசிரியராகிய வால்டர் கானன் என்பார், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடம்பில் நிகழும் மாறுதல்களை ஆராய்ந்து 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி போலக் கவிந்துள்ள இரு சிறு சுரப்பிகள் உள. அஞ்சத்தக்கது ஒன்று தோன்றிய நொடியில் அவை அட்ரினலின் என்னும் சுரப்புநீரைக் குருதியிற் கலக்கின்றன. உடனே நெஞ்சம் விரைந்து துடிக்கின்றது, மூச்சுக்குழல் விரிகின்றது, கல்லீரல் தான் சேமித்து வைத்த சர்க்கரையைக் குருதியில் விடுகின்றது, வயிற்றிற்குச் செல்லும் குருதி குறைந்து கை கால்களின் தசைகளுக்கு மிகுதியாகப் பாய்கின்றது, கண்மணி அகல்கின்றது. வாய் உலர்தலும் வயிறு கலங்குதலும் உள்ளங்கை வியர்த்தலும் இவற்றின் உடனிகழ்ச்சிகளே. பொருது நிற்பதற்கேனும் ஓடிப் பிழைப்பதற்கேனும் உடம்பு தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் முறை இது.

இனி எண்ணிப் பார்மின். நூறு மீட்டர் ஓடப் புகும் ஒருவனுக்கு வேண்டுவன யாவை? விரைந்து துடிக்கும் நெஞ்சமும், விரிந்த மூச்சுக்குழலும், தசையை நோக்கிப் பாயும் குருதியுமே அல்லவா? அவன் கேளாமலே அவற்றை அச்சம் கொணர்ந்து கொடுக்கின்றது. கால் நடுங்குகின்றதே என்று அவன் கலங்குகின்றான். உடம்போ, 'யான் ஆயத்தமாய் உள்ளேன்' என்று அவனுக்குச் செய்தி விடுக்கின்றது. செய்தியின் மொழி அறியாமையாலே பல பிள்ளைகள் களத்தை விட்டு நீங்கிவிடுகின்றனர்.

இவ்வுண்மையை உடல்நூல் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே நம் புலவர் ஒருவர் கண்டுரைத்துள்ளார். புறநானூற்றிற் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழர்குடித் தலைவனைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுக்கள் உள. அவன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றவன். அவன் பொருத வேகத்திற்கு 82-ஆம் பாட்டிற் புலவர் ஓர் உவமை காட்டுகின்றனர். புலியையோ இடியையோ சூறைக்காற்றையோ அவர் உவமித்தாரல்லர். வாரினால் கட்டில் பின்னும் ஒரு தொழிலாளியைக் காட்டுகின்றனர். ஊரிலே விழாத் தொடங்கிவிட்டது; வீட்டிலே மனைவி மகப்பேற்று நோயில் இருக்கின்றாள்; மழையோ பெய்கின்றது; பொழுதும் சாய்கின்றது. இத்தனைக் கவலையும் ஒருங்கே நெஞ்சை அழுத்த, அவன் கையிலுள்ள ஊசி எத்துணை விரைவாய் ஓடும்! அதனினும் விரைவாய் நிகழ்ந்தது அம்மற்போர் என்கின்றனர் புலவர். கவலை கையை விரைவிக்கும் என்னும் உளநூல் உண்மையை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

அவ்வுவமையுள் இன்னும் ஒரு நுட்பம் உளது. கவலை மிக்கபோதும் அவன் ஊசி தடம் மாறவில்லை. ஏன்? பல்லாண்டு பழகிய கை அது. அதே கவலையோடு நம்முள் ஒருவர் அவ்வூசியைக் கையில் எடுப்பின், கட்டில் பின்னப்படாது, விரலே குத்துண்ணும். ஆதலின், அச்சம் பழகிய கைக்கு விரைவு தரும். பழகாத கைக்குப் புண் தரும் என்பது முடிவு. அச்சம் காற்றை ஒக்கும். பாயும் சுக்கானும் உடைய கலத்தை அது செலுத்தும், கட்டவிழ்ந்த தெப்பத்தைக் கவிழ்க்கும்.

அளவும் ஈண்டுக் கருதத்தக்கது. 1908-ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நிகழ்த்தினர். கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி என்னும் இரண்டனுள் தக்கதனைத் தேரக் கற்பித்து, தவறியபோது சிறிதளவு மின்னதிர்ச்சி தந்தனர். வேற்றுமை எளிதிற் புலப்பட்டவிடத்து, அதிர்ச்சி மிகுந்தபோது எலிகள் விரைந்து கற்றன. வேற்றுமை காண்டற்கு அரிதாயவிடத்தோ, நடுத்தரமான அதிர்ச்சியே சிறந்த பயனை அளித்தது. மிகுந்த அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. விளையாட்டுக்கும் இது பெரிதும் பொருந்துவதாம். கயிறிழுத்தற்கும் பளு தூக்குதற்கும் மிகுந்த கிளர்ச்சி இடையூறன்று. குறிபார்த்துச் சுடுதற்கும் அம்பெய்தற்கும் சதுரங்கத்திற்கும் அஃது அளவோடு இருத்தல் வேண்டும். உணவிற்கு உப்புப் போல என்க.

குறிபார்த்துச் சுடுதல் என்றதும் நினைவிற்கு வருபவர் அபினவ் பிந்த்ரா. 2004-ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றை எய்தியும் ஏழாம் இடமே பெற்றவர் அவர். பெய்ஜிங்கிற்குச் செல்லுமுன் அவர் செருமனி நாட்டில் ஒரு கம்பத்தின்மீது ஏறிப் பழகினர். ஏறத்தாழ 40 அடி உயரம். உச்சியில் ஒருவர் நிற்கும் அளவே சிறு தட்டு. துப்பாக்கி சுடுவார்க்குக் கம்பம் ஏறுதல் எற்றுக்கு என வினவலாம். அஞ்சும் உடம்போடு தொழில் செய்யப் பழகுதற்கே அவர் ஏறினர். பாதி வழியிலே கால்கள் நடுங்கி, இனி இயலாது என்று தோன்றியும், நடுக்கத்தோடே உச்சியை அடைந்தனர் என்று தம் வரலாற்று நூலில் அவரே கூறியுள்ளார். 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றின் கடைசிச் சுடுதலுக்கு முன், பின்லாந்து நாட்டு வீரர் ஒருவரும் அவரும் சமநிலையில் நின்றனர். எத்துணைப் பெரிய நடுக்கத்திற்கு இடமான நொடி அது! பின்லாந்து வீரர் 9.7 புள்ளி பெற்றனர், பிந்த்ரா 10.8 பெற்றனர். ஒரு சுடுதலுக்கு எய்தக்கூடிய மிகப்பெரும் புள்ளியே 10.9 தான். தனியொருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அன்றுதான் இந்தியாவிற்குக் கிட்டியது. அந்நொடியிலே அச்சம் இலதாயிற்று என்று கூறற்க. அச்சத்தோடு நிற்கும் பழக்கம் முன்னரே கைவந்திருந்தது என்று கூறுக.

மில்கா சிங் என்பாரின் வரலாறு இதனினும் உருக்கமானது. 1947-ஆம் ஆண்டு நாடு பிரிவுண்டபோது நிகழ்ந்த கொடுமையிற் பெற்றோரை இழந்து, உயிர் பிழைக்க ஓடி வந்த சிறுவர் அவர். ஓட்டம் அவர்க்கு முதலில் விளையாட்டாய் வந்ததன்று, உயிரச்சமாய் வந்தது. பின்னர்ப் படையிற் சேர்ந்து பயின்று, 1958-ஆம் ஆண்டு கார்டிப் நகரில் 440 கச ஓட்டத்தில் தங்கம் வென்றனர். 1960-ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் முன்னணியில் ஓடியவர், இவ்விரைவை முடிவளவும் தாங்க இயலாதோ என்று எண்ணி இடையிலே சற்றுத் தளர்ந்தனர். நொடியின் பத்தில் ஒரு கூற்றளவில் மூன்றாம் இடம் கைநழுவ, நான்காமவர் ஆயினர். அவ்வொரு தளர்ச்சியை நினைந்து தம் வாழ்நாள் முழுதும் வருந்தியதாக அவரே பன்முறை கூறியுள்ளார். இதனுள் இருவகை அச்சம் காணப்படுகின்றது. பின்னே துரத்தும் அச்சம் காலை விரைவித்தது. 'முடியாது போய்விடுமோ' என்னும் அச்சமோ ஓட்டத்தின் நடுவே புகுந்து காலைப் பற்றியது. அச்சம் தொடக்கக் கோட்டிற்கு முன்னே வரின் துணையாகும். ஓட்டத்தின் நடுவே கணக்குப் பார்க்க வரின் பகையாகும்.

நம் தமிழ்நாட்டுச் சதுரங்க வீரர் இருவரையும் ஈண்டுக் கூறாது விடுதல் கூடாது. சதுரங்கம் அமர்ந்து ஆடுவதாயினும், ஆடுவார் நெஞ்சம் ஓடுவார் நெஞ்சம் போன்றே துடிக்கும். 2010-ஆம் ஆண்டு பல்கேரிய நாட்டுச் சோபியா நகரில், தொபாலோவ் என்பாரோடு உலகப் பட்டத்திற்கு விசுவநாதன் ஆனந்த் ஆடினர். பனித்தீவாகிய ஐசுலாந்தில் எரிமலை வெடித்து வானூர்திகள் நின்றமையின், தரைவழியே நெடும்பயணம் செய்து களைத்துச் சேர்ந்த அவர், பன்னிரண்டு ஆட்டங்களுள் முதலாட்டத்திலேயே தோற்றனர். ஆயினும் கறுப்புக் காய்களோடு கடைசி ஆட்டத்தை வென்று பட்டத்தைக் காத்தனர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது இளைஞர் குகேஷ் சீன நாட்டு டிங் லிரெனோடு ஆடப்புகுந்து, அவரும் முதலாட்டத்தில் தோற்றனர். அன்று விடுதியிற் குகேஷைக் கண்ட ஆனந்த், தமக்குப் பதினொரு ஆட்டங்களே எஞ்சியிருந்தன, உமக்கோ பதின்மூன்று உள என்னும் கருத்துப்பட ஒரு சொற் கூறினர் என்று குகேஷே பின்னர் வெளியிட்டனர்.

பெரியோர்களே! அச்சொல்லின் அருமையை ஓர்மின். 'அஞ்சாதே' என்று ஆனந்த் கூறினாரல்லர். 'நாட்டின் மானம் உன் கையில்' என்று சுமையேற்றவும் இல்லை. யானும் அவ்விடத்தில் நின்றவன், உனக்கு வழி இன்னும் மிகுதி என்பதை ஓர் எண்ணிக்கையால் உணர்த்தினர். பதின்மூன்று ஆட்டங்கள் முடிய, டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பதினான்காம் ஆட்டம் சமனிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, 55-ஆம் நகர்த்தலில் டிங் பிழை செய்தனர், குகேஷ் வென்றனர், ஒருமித்து ஏற்கப்பட்ட உலகப் பட்டம் பெற்றோருள் மிக இளையவர் ஆயினர். வென்றவுடன் அவர் மேசையிலமர்ந்தே கண்ணீர் விட்டதை உலகம் கண்டது. அச்சமும் கவலையும் அற்ற நெஞ்சிலிருந்து அக்கண்ணீர் வருமா? 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற அவர், பத்தாம் சுற்றில் வெல்லும் நிலையிலிருந்து தவறித் தோற்றவர் என்பதையும் உடன் நினைமின். அன்று தவறிய கையே 2024-ஆம் ஆண்டு புடாபெசுட்டில் இந்திய அணி தங்கம் பெற உதவியது.

இதுகாறும் அச்சத்தின் நன்மை கூறினோம். அதன் எல்லையையும் கூறாதொழியின் இவ்வுரை ஒருதலைப்பட்டதாகும். தக்கதற்கு அஞ்சுதலை வள்ளுவர் இழித்தாரல்லர். அதனை 'அறிவுடைமை' என்னும் அதிகாரத்துள்ளேயே வைத்தனர். அமெரிக்கச் சீருடற்பயிற்சி வீராங்கனை சைமோன் பைல்சு, 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், வானிற் சுழலும்போது தம் உடம்பு எத்திசை நோக்கியுள்ளது என்னும் உணர்வு தப்புவதை அறிந்து, குழுப்போட்டியின் நடுவே விலகினர். தவறி வீழின் கழுத்து முறியும் தொழில் அது. பலர் அன்று அவரைப் பழித்தனர். 2024-ஆம் ஆண்டு பாரீசில் அவர் மீண்டும் வந்து மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றனர். உடம்பிற்கு ஊறு வருமென்று உணர்த்தும் அச்சம் வேறு. தோல்வி வருமென்று உணர்த்தும் அச்சம் வேறு. முன்னதற்குச் செவிசாய்த்தல் அறிவு. பின்னதனைத் தாண்டிச் செல்லுதல் வீரம். இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பித்தலே ஆசிரியன் கடன்.

இனி, யாம் இவ்வவையில் வலியுறுத்திக் கூற விழைவது ஒன்று உண்டு. அச்சம் பிறத்தற்கு நிலைக்களன் நான்கு என்பர் தொல்காப்பியர்: வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர். நான்காவதை நோக்குமின். நம் பிள்ளைகட்குத் தலைவர் யாவர்? தந்தை, தாய், ஆசிரியன், பயிற்சியாளன், அஃதாவது நாமே. 'முதற்பரிசு இல்லையேல் வீட்டுவாயில் மிதியாதே' என்று கூறும் தந்தை, தன் மகனுக்கு ஊக்கம் ஊட்டுவதாக எண்ணுகின்றான். அவன் ஊட்டுவது ஊக்கமன்று. ஆண்டைக்கு அஞ்சும் அடிமையின் நடுக்கமே. அவ்வச்சத்தின் பயனைக் கல்வராயன் மலை நன்கறியும். 1976-ஆம் ஆண்டில் அரசின் நேராட்சிக்குள் வருமளவும் அம்மலைமக்கள் ஜாகீர்தார்களுக்கு அஞ்சி ஊதியமின்றி உழைத்தனர். அஞ்சி உழைத்த அவ்வுழைப்பால் உழைத்தவர் யாரேனும் உயர்ந்தனரா? இல்லை. தலைவர்க்கு அஞ்சுபவன் தொழிலைச் செவ்வனே செய்தற்கு முயலான். தண்டனைக்குத் தப்புதற்கே முயல்வான்.

விளையாட்டிலும் இதுவே நிகழும். அடிக்கு அஞ்சும் பிள்ளை காலில் உற்ற வலியை மறைப்பான். மறைத்த வலி முறிவாகும். பழிக்கு அஞ்சும் இளைஞன் ஊக்கமருந்தை நாடுவான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் அண்மை ஆண்டறிக்கைகளில் நம் நாட்டின் பெயர் முன்வரிசையில் நிற்பது நாம் தலைகுனியத்தக்க செய்தி. அவ்விளைஞரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. தோல்வியைப் பெருங்குற்றமாக்கிக் காட்டிய பெரியோர்க்கும் அதிற் பங்குண்டு. தொழிலுக்கு அஞ்சுபவன் பயில்வான். ஆளுக்கு அஞ்சுபவன் ஒளிப்பான். இவ்வொரு சொற்றொடரையேனும் பெற்றோர் மனத்துட் கொள்வாராயின் எம் உரை பயனுடையதாகும்.

எம்பாற் பயின்ற மாணவியர் பலருள், மலையூர் ஒன்றிலிருந்து வந்த சிறுமி ஒருத்தியைப் பற்றிக் கூறுதும். ஓட்டத்தில் வல்லவள், எனினும் முதன்முதலாகப் பெரிய களத்திற்கு வந்த அன்று, கூட்டத்தையும், துப்பாக்கி ஒலியையும், பிற பள்ளிப் பிள்ளைகளின் ஆணிக் காலணிகளையும் கண்டு நடுங்கி, ஓடமாட்டேன் என்றாள். அருகிருந்தோர் அவளைக் கடிந்தனர். யாம் அவளை நோக்கி, 'நாள்தோறும் காட்டுவழியே பள்ளிக்கு நடந்து வந்தனையே, ஆங்கு அச்சம் இல்லையோ?' என்று வினவினோம். அவள் கூறிய விடை இது: 'பயமாத்தான் இருக்கும் ஐயா. பயம் வந்தா காலு தானா வெரசா நடக்கும். நின்னாத்தான் பயம் பெருசாவும்.' நூல் பல கற்ற யாம் ஒரு நாழிகை உரைத்தற்குரியதை அச்சிறுமி மூன்றே தொடரில் முடித்தனள். 'அங்ஙனமாயின் ஈண்டும் நில்லாதே' என்றோம். ஓடினாள்; மூன்றாம் இடம் பெற்றாள். மறுநாள் அடுத்த ஓட்டம் எப்போது என்று அவளே வந்து கேட்டனள். மூன்றாம் இடத்தினும் அக்கேள்வியே எமக்குப் பெரிதாகத் தோன்றியது.

இத்தகைய பிள்ளைக்கு ஓர் ஓட்டம் வெறும் விளையாட்டன்று. விளையாட்டிற் சிறந்தார்க்குக் கல்லூரியிலும் அரசுப் பணியிலும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆதலின், தொடக்கக் கோட்டில் அவள் திரும்பிப் போயிருப்பின், திரும்பியது ஓட்டத்திலிருந்து மட்டும் அன்று; அக்குடும்பத்தில் முதன்முதல் திறக்கவிருந்த ஒரு கதவிலிருந்தும் ஆகும். மலைக்கு அப்பால் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிற் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை எண்ணிப் பார்மின். ஐந்து வயதிற் பேருந்து மோதி வலக்கால் நசுங்கியது; காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர் அன்னையார். 2016-ஆம் ஆண்டு இரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024-ஆம் ஆண்டு பாரீசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றனர். ஒருமுறை வென்றவனுக்கு, பெற்றதை இழப்போமோ என்னும் புதிய அச்சம் ஒன்று பிறத்தல் இயல்பு. தங்கம் வென்றபின்னும் இருமுறை உலகின்முன் வந்து நிற்றலே ஒரு தனி வீரம்.

மாணவச் செல்வங்களே! உங்கட்கு நான்கு கூறி அமைவோம். ஒன்று: நடுக்கம் வரும்போது அதனை மறையாதீர், 'என் உடம்பு ஆயத்தமாகின்றது' என்று அதற்குப் பெயரிடுமின். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆலிசன் வுட் புரூக்ஸ் என்னும் அம்மையார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 'அமைதியாய் இருக்கின்றேன்' என்று தம்மை அடக்க முயன்றோரினும், 'கிளர்ச்சியுற்றுள்ளேன்' என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டோர் மேடைப்பேச்சிற் சிறந்து நின்றனர். இரண்டு: நெஞ்சம் அளவிறந்து துடிப்பின், மூச்சினை மெல்ல உள்ளிழுத்து அதனினும் மெல்ல வெளிவிடுமின். மூன்று: பயிலும்போதே அச்சத்தையும் கூட்டிப் பயிலுமின், நண்பரைச் சூழ நிறுத்தி, ஒலி எழுப்பச் சொல்லி, ஒரேயொரு முறைதான் வாய்ப்பு என்று விதித்துத் தாண்டிப் பாருமின். பிந்த்ராவின் கம்பம் உங்கள் ஊர்த் திடலிலும் உண்டு. நான்கு: களத்தில் இறங்கியபின் முடிவை எண்ணாதீர், அடுத்த அடியை மட்டும் எண்ணுமின். கட்டில் பின்னுபவன் கண் மழையின்மேல் இல்லை, ஊசியின்மேலேயே இருந்தது.

பெற்றோர்க்கு ஒன்று: ஓட்டம் முடிந்து வரும் பிள்ளையை 'எத்தனையாவது வந்தாய்?' என்று முதலிற் கேளாதீர், 'உண்டனையா?' என்று கேளுமின். வீட்டுவாயில் எப்போதும் திறந்துள்ளது என்று அறிந்த பிள்ளையே களத்தில் துணிந்து பொருதும்.

சங்கத்தார்க்குப் பணிவான விண்ணப்பம் இரண்டு. மலையூர்களிலிருந்து போட்டிக்கு வரும் எந்தப் பிள்ளையாயினும், முதல்நாளே வந்து தங்கிக் களத்தைக் கண்டு, அதில் ஒருமுறை நடந்து பழகுதற்கு வேண்டும் வழிச்செலவும் காலணியும் சங்கம் அளித்தல் வேண்டும். பாதி அச்சம் புதுமையால் வருவது. கண்டு பழகின் அது தானே தணியும். அன்றியும், பிறரை வென்றார்க்கு மட்டுமன்றி, தன் சென்ற ஆண்டின் நேரத்தைத் தானே வென்றவர்க்கும் ஒரு பரிசில் வைத்தல் வேண்டும். எந்தப் பிள்ளையும் முயன்றால் எய்தத்தக்க பரிசில் அஃது ஒன்றே.

நடுங்கும் பிள்ளையைக் கண்டால் இனி நகையாதிருப்போம். வீட்டிற்கு அழைத்துச் செல்லாதும் இருப்போம். அருகில் நின்று, 'யானும் ஒருநாள் இவ்வாறு நடுங்கினேன். உனக்கு இன்னும் வழி உண்டு' என்று கூறுவோம். அச்சத்தை அடுத்துள்ள அவ்வோரடியை எடுத்து வைத்தல் பிள்ளையின் வினை. அவ்வடியை வைக்க இடம் தருதல் நம் வினை.  பரிசில் பெறும் செல்வங்களும், பெறாது நாளை பெறவிருக்கும் செல்வங்களும் நீடு வாழ்க!